மேரியின் ரப்பரும் என் மூக்கும்

நாள் முழுக்கக் காலில் நின்று, நாம் சாப்பிடாத சமையலைச் சமைத்து, ஊராருக்கெல்லாம் ருசி காட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு மீ நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துச் சுடுதண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர்தான் புரமோட்டர் வேலை.

துணிக்கடையில் நிற்கிறவர்கள், கைபேசிக் கடையில் நிற்கிறவர்கள், பேரங்காடியில் சின்னக் குவளையில் பால்மாவு கலக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். நாற்காலி வாடிக்கையாளருக்கு. குதிகால் வலி நமக்கு. அவர்கள் கூட்டிவரும் பிள்ளை அழுதால் அதைச் சமாதானப்படுத்துவதும் நாம்தான்.

எனக்குக் கிள்ளானில், லிட்டில் இந்தியாவில், ஒரு மின்சாமான் கடையில் வேலை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைத்தேன். வயசாகிவிட்டது, வீட்டில் இரு என்று அனுப்பினார்கள். வீட்டில் ரேடியோதான் பேசும், நான் பேசினால் அது கேட்காது. அதனால் இங்கே வந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தால் இடது கைப்பக்கம் முதல் மேசை என்னுடையது. ஒன்பது வருஷமாக நான் விற்பது ஒரே ஒரு சாமான்: ஸ்லோ குக்கர். உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. காலையில் போட்டால் சாயங்காலம் வேகும். அதன் கதை அவ்வளவுதான். என் கதைதான் கொஞ்சம் நீளம்.

மூடியைத் திறக்காதீங்க

ஸ்லோ குக்கர் விற்கிறவளுக்கு முதல் எதிரி வாடிக்கையாளரின் கை. மூடியை ஒரு தரம் தூக்கினால் உள்ளே மெல்ல மெல்லச் சேர்ந்த சூடெல்லாம் போய்விடும். மறுபடி ஏற அரை மணி நேரம் ஆகும். பத்துப் பேர் எட்டிப் பார்த்தால் சாயங்காலம் நாலு மணிக்கு வேக வேண்டிய ஆட்டெலும்பு, கடை மூடும்போதும் கல்லாகவே கிடக்கும். அதனால் நாள் முழுக்க என் வாயில் ஒரே மந்திரம்: "மூடியைத் திறக்காதீங்க." மலாயில் சொல்வேன். சீனர் வந்தால் கையை ஆட்டிச் சொல்வேன். அட்டையில் எழுதி ஒட்டியும் வைத்தேன். குனிந்து அட்டையை முழுசாகப் படித்துவிட்டுத் திறந்து பார்த்தார்கள்.

பண்டமாரானில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவர், காலையில் வங்கிக்குப் போகும்போது உள்ளே வந்து ஒரு தரம் திறந்தார். வேலை முடிந்து திரும்பும்போது இன்னொரு தரம். எலும்பு இரண்டு தரமும் ஒரே இடத்தில் மிதந்தது. மூடியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இந்தச் சட்டி இன்னிக்கி வேலைக்கி வந்துச்சா, இல்ல எம்.சி. லீவு போட்டுட்டு வீட்டுல படுத்திருக்கா?"

எதிர்மேசை

போன வருஷம் எனக்கு நேர் எதிரே, வாசலின் வலது பக்கம், இன்னொரு மேசை போட்டார்கள். மின்சார பிரஷர் குக்கர் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய புரமோட்டர். பெயர் மேரி. பூச்சோங்கிலிருந்து வருகிறவள், ஐம்பது வயசு இருக்கும், சிவப்பு ஏப்ரன், அதில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. நான் காலை ஒன்பதரைக்குப் போட்ட எலும்பு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. அவள் பதினொரு மணிக்கு இறைச்சியை அள்ளிப் போட்டு, மூடியைத் திருகி, பட்டனை அமுக்கி, பதினொன்றேமுக்காலுக்கு மட்டன் பெரட்டலைக் கரண்டியில் நீட்டினாள். அதற்கு முன்னால் ஆவி விட்டாளே, அதைச் சொல்ல வேண்டும். மரக்கரண்டியால் வால்வைத் தட்டினாள். புஸ்ஸென்று கூரை வரைக்கும் ஆவி. கூட்டம் "ஓ" என்று பின்னால் போய், சிரித்துக்கொண்டே முன்னால் வந்தது. நாலு பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள். ஒன்பது வருஷத்தில் என் சட்டியைப் பார்த்து ஒரு ஆள் "ஓ" என்று சொன்னதில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்கிற வயசு தாண்டிவிட்டது. வாசலில் பூ விற்கிறவளிடம் போய், "உதட்டுச்சாயம் ஜாஸ்தி பாத்தியா" என்றேன். "ஏப்ரன்ல கறை இல்லாதவளுக்கு என்னா சமைக்கத் தெரியும்" என்றேன். பூக்காரி மேரி மேசையில் வாங்கிவந்த பெரட்டலைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினாள். சாயங்காலம் மேரி ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஒங்க சூப்பு நல்ல வாசனையாமே, எல்லாரும் சொல்றாங்க. அந்த வாசனைக்கித்தான் கடைக்குள்ள வராங்க, அப்புறம் அப்டியே என் மேசைக்கி வந்துர்றாங்க. ரொம்ப தேங்க்ஸ்க்கா."

எது நல்லது?

அதன்பிறகு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. இதுவா, அதுவா? என்னிடம்தான் கேட்பார்கள், ஏனென்றால் மேரியைச் சுற்றிக் கூட்டம், நான் சும்மா நிற்கிறேன். நானும் பொய் சொல்ல மாட்டேன். அப்போது சொன்னதில்லை. எலும்பு, வால், கால், இதெல்லாம் சத்து இறங்க வேண்டும் என்றால் என் சட்டி. காலையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், அடிபிடிக்காது, சத்தம் போடாது. பருப்பும் கொண்டைக்கடலையும் அவசரத்துக்கு வேக வேண்டும் என்றால் அது. என் சட்டியில் கொண்டைக்கடலை போட்டால் காலையில் போட்டது மறுநாள் காலையிலும் கடலையாகவே இருக்கும். சிவப்பு அவரையை நேராகப் போடக் கூடாது, அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான். இவ்வளவும் தொண்டை வற்றச் சொல்வேன். தலையாட்டுவார்கள். எதிர்மேசைக்குப் போவார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் கோலாலம்பூரில் வேலை. புருஷன் என் பக்கம். "காலையில போட்டுட்டுப் போனா சாயங்காலம் வந்து சாப்பிடலாம், இதான் நமக்கு சரி" என்று சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஆகா, ஒன்று போகிறது என்று பெட்டியைக்கூடக் கீழே இறக்கிவிட்டேன். அந்தப் பெண் வயரையும் பிளக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "ஆன்டி, இவரு வீட்டுல ஃபேன் ஓடுதான்னு பாக்கவே ரெண்டு தடவ திரும்பி வர்ற ஆளு. இதுல கரண்ட்ட போட்டுட்டு வேலைக்கிப் போனா எங்க கல்யாணம் தாங்காது."

எலும்பு மட்டும்

ஒரு தரம் நான் ஜெயித்தேன். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றுகிற தம்பி ஒருவன், தனி ஆள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அவனுக்கென்றே செய்த சட்டி என்று சொல்லி, மேரி பார்க்கும்படி சத்தமாகப் பேசி விற்றேன். பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு போகும்போது கதவைக்கூட நானே திறந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் குதிகால் வலிக்கவே இல்லை.

ஒரே வாரம். பெட்டியோடு திரும்பி வந்தான். முழுக்கோழியை வெட்டிப் போட்டு, சூட்டைக் கூட்டி வைத்துவிட்டு, ஷிஃப்டுக்குப் போயிருக்கிறான். அங்கே ஓவர்டைம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பதினாறு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறான். சூட்டைக் குறைத்து வைக்கும் பட்டன் இருக்கிறது தம்பி என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் எதிர்மேசைக்குப் போய்விட்டது. முதலாளி மாற்றிக் கொடுக்கச் சொன்னார். மேரி அவனுக்குப் பெட்டியைப் பிரித்துக் காட்டினாள், நான் என் பெட்டியை ஒட்டினேன். போகும்போது பாவம் என்று நினைத்தானோ என்னவோ, என்னிடம் வந்து சொன்னான்: "ருசி ஒன்னும் கொற இல்ல ஆன்டி. கோழி எங்க போச்சுன்னுதான் தெரியல. நான் எலும்ப மட்டும்தான் பொறுக்கி எடுத்தேன்."

பிஸ்கட் டின்

புரட்டாசி வந்தது. நம் ஆட்கள் பாதிப் பேர் அந்த மாசம் சைவம். நானும்தான். கடையில் சூப்பை மாற்றிச் சோளச் சூப்பு வைப்பேன். மேரிக்கு அப்படி முடியாது, மலாய்க்காரர்களும் சீனர்களும் இறைச்சிதான் கேட்பார்கள். இங்கேதான் அவளுடைய குக்கரில் ஒரு கோளாறு இருக்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்த மூடிக்கு உள்பக்கம் வெள்ளை ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஆவி வெளியே போகாமல் பிடிப்பது அதுதான். வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான். மட்டன் வைத்தால் எத்தனை கழுவினாலும் ரப்பரில் மட்டன் இருக்கும், அடுத்து பாயாசம் வைத்தால் பாயாசத்தில் வந்து எட்டிப் பார்க்கும். என் பீங்கான் சட்டிக்கும் கண்ணாடி மூடிக்கும் அந்தத் தொல்லையே கிடையாது. இந்த மாசம் நம் மாசம் என்று நிமிர்ந்து நின்றேன்.

மேரி ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே இன்னொரு ரப்பர், புதுசு. டின் மூடியில் மஞ்சள் தடவியிருந்தாள், யாரும் மாற்றி எடுக்கக் கூடாது என்று. "இது சைவத்துக்கு மட்டும் ஆன்டி, வெள்ளி சனி இதான் போடுவேன்" என்று ஒரு விரதக்கார அம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மா ரப்பரை வாங்கி மோந்து பார்த்தார். மேரி கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். அப்புறம், திருநீறு பூசிக்கொண்டு எதிரே நிற்கும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்ச்சுக்குப் போற பொண்ணு இவ்ளோ பாக்குது. எங்க வீட்டு மருமக அதே கரண்டிய விட்டு ரெண்டையும் கிண்டுறா."

மூக்கு

அந்த வாரமே மேரி என்னைப் பின்பக்கம் கழுவும் தொட்டிக்குக் கூட்டிப் போனாள். கையில் அந்த ரப்பர். "அக்கா, மோந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். எதற்கு என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். அப்புறம்தான் சொன்னாள். அந்தக் கொரோனா காய்ச்சல் வந்து படுத்ததிலிருந்து அவளுக்கு மூக்கில் ஒரு வாசனையும் தெரியாது. மல்லிகைப் பூவும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. உப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரியும், மிச்சமெல்லாம் கணக்காக அளந்து போடுகிறாள். அதனால்தான் அந்த டின், மஞ்சள், அவ்வளவு பத்திரம்.

இத்தனை நாளும் என் சூப்பு வாசனையாமே, வாசனையாமே என்றவள் ஒரு நாளும் அதை மோந்ததில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், பாவத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மூக்கு இல்லாமலே இவள் பெரட்டல் இப்படி இருக்கிறதே, இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று. வெள்ளிக்கிழமைதோறும் நான் மோந்து சொல்வதென்று ஏற்பாடு. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மேரி கேட்டுக்கொண்டாள்: "சமைச்சுக் காட்டுறவளுக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா கம்பெனியில வச்சிருப்பாங்களாக்கா? ஒங்க மூக்க நம்பித்தான் நான் நிக்கிறேன்."

ஒரே மேசை

தீபாவளிச் சாமான் வரத் தொடங்கியது. சரவிளக்கும் துணி துவைக்கும் இயந்திரமும் கடை முழுக்க. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷன், என்னைவிட இருபது வயசு சின்னவர், ஆன்டி ஆன்டி என்றுதான் கூப்பிடுவார். முன்னால் இனிமேல் ஒரு மேசைக்குத்தான் இடம், இன்னொன்று பின்னால் ஸ்டோர் பக்கம் போக வேண்டும் என்றார். பின்னால் ஸ்டோர் பக்கம் யார் வருவார்கள்? பெட்டி தூக்குகிற ஆள் வருவான், பூனை வரும். எனக்கு விற்பனைகூட அவ்வளவு பெரிசில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் முகம் பார்த்து, நூறு பேர் பேச்சுக் கேட்டுப் பழகியவள் நான். அதை எடுத்துவிட்டால் வீட்டு ரேடியோதான்.

பக்கத்துக் குடியிருப்பின் பெருமாள் கோயில் மாதர் குழு, கடைசிப் புரட்டாசிச் சனிக்குப் பிரசாதம் சமைக்க நாலு குக்கர் வாங்குகிறார்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டையும் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எதை எடுக்கிறார்களோ அந்த மேசை முன்னால். நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், சுவரோரமாக ஒண்டிக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அப்டி இல்ல ஆன்டி, வாசல்ல ரெண்டு பேரு நின்னு கூப்பிட்டா, உள்ள வர்றவன் யாரு கூப்பிட்டாங்கன்னு கொழம்பி வெளியவே நின்னுருவான் லா."

வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்று ஏழரைக்கே கடைக்கு வந்துவிட்டேன். கூட்டிப் பெருக்குகிற அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டாள். பச்சரிசி, பால், ஏலக்காய், பாயாசம் வைத்தேன். ஒருத்தரையும் மூடியைத் தொடவிடவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். தலைவி தனம் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் நம்புகிற ஆள். அவர்கள் நாற்காலியில் உட்காரும் நேரம் மேரி டின்னைத் திறந்து, என்னிடம் வந்து, ரப்பரை நீட்டினாள். "அக்கா, கொஞ்சம்."

மட்டன். நேற்றுச் சாயங்காலப் பெரட்டல், சோம்பும் பட்டையும் கொழுப்புமாக அப்படியே இருந்தது. இரண்டு ரப்பரையும் கழுவிப் பின்னால் ஒரே கம்பியில் காயப்போட்டிருக்கிறாள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. எடுக்கும்போது மாறிவிட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. நான் என் மேசையைப் பார்த்தேன். "சுத்தமா இருக்கு. போடு" என்றேன்.

அவள் சர்க்கரைப் பொங்கலுக்கு வைத்து மூடியைத் திருகினாள். அது ஏறி வேகிற நேரத்தில் என் பாயாசம் எல்லார் கையிலும். தனம் அக்கா இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். முதலாளி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். இனி ஜெயித்த மாதிரிதான். அப்போது மேரி, கூப்பிடாமலே, அவர்களிடம் சொன்னாள்: "சைவ ரப்பர நான் தனியா வச்சிருக்கேன் ஆன்டி. ஆனா நான் சொன்னா நம்ப வேணாம். பாக்கியம் அக்கா விரதம் இருக்கிறவங்க, அவங்க மோந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் மூடியே போடுவேன்." ஐந்து பெண்களும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் காலிக் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் வால்விலிருந்து லேசாக ஆவி கசிந்தது. பாயாசத்து ஏலக்காயில் அதிலிருந்த மட்டன் வாசம் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

குக்கர் பீப் பீப் என்றது. மேரி மரக்கரண்டியை எடுத்தாள். பெருமாள் கோயில்காரர்கள் சாப்பிடப் போகிற பொங்கல். வால்வைத் தட்டினால் கூரை வரைக்கும் மட்டன். அவள் கை வால்வுக்குப் போவதற்குள் நான் எதிர்மேசைக்கு ஓடிவிட்டேன். "மூடியைத் திறக்காதே!" என்று கையைப் பிடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "ஆன்டி, அது ஒங்க சட்டி இல்ல லா" என்றார் முதலாளி. நான் சொன்னேன்: "ரப்பர் மாறிப் போச்சு. இது மட்டன் ரப்பர்."

சிரிப்பு நின்றது. "மோந்து பாத்தது நீங்கதானேம்மா, அப்பத் தெரியலையா?" என்றார் தனம் அக்கா.

"தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சா ஏன் போடச் சொன்னீங்க?"

"இந்த எடம் எனக்கு வேணும்னு."

மேரி ஏன் தானே மோந்து பார்க்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், அவளுக்குச் சளி என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை. மேரி என்னைப் பார்க்கவே இல்லை. கரண்டியை மெல்ல மேசையில் வைத்து, வயரைப் பிடுங்கினாள். தனம் அக்கா பாயாசக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "பாயாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சாமிக்கி சமைக்கிறப்ப, நமக்குத் தெரியாதத இன்னொருத்தர்கிட்ட கேட்டுப் போடுற ஆளோட சாமான்தான் எனக்கு வேணும். அந்தப் பொண்ணுகிட்டயே நாலு குடுங்க, நாலுக்கும் ரெண்டு ரெண்டு ரப்பரா."

ஸ்டோர் பக்கம்

மறுநாள் என் மேசை பின்னால் போனது. முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டம். துணி துவைக்கும் இயந்திரப் பெட்டிகள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி. நடுவில் நானும் சட்டியும். முன்னால் புஸ்ஸென்று ஆவி போகும், "ஓ" என்று கேட்கும், நான் எலும்பைப் பார்ப்பேன். ஒருத்தரும் மூடியைத் திறக்க வருவதில்லை. சரியாக நாலு மணிக்கு எலும்பு வெந்துவிடுகிறது. ஒன்பது வருஷம் அதற்குத்தான் கத்தினேன், இப்போது வாய்த்திருக்கிறது, குடிக்க ஆள் இல்லை.

பெட்டி தூக்குகிற அண்ணன்தான் ஒரு நாள் இரண்டு கிண்ணம் குடித்தார். குடித்துவிட்டு, நான் முன்பக்கத்தையே எட்டி எட்டிப் பார்ப்பதையும் கவனித்துவிட்டுச் சொன்னார்: "சூப்பு ஏ ஒன் அக்கா. மூஞ்சிதான் இன்னும் வேகல."

முதல் கரண்டி

இரண்டு வெள்ளிக்கிழமை மேரி பின்பக்கம் வரவில்லை. ரப்பரை எலுமிச்சம்பழமும் வினிகரும் போட்டு வேக வைத்துப் பார்த்தாளாம், பூக்காரி சொன்னாள். பிறகு சமைத்த கடலையில் ஏதோ வாசம் என்று ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டுப் போனாராம், அதையும் பூக்காரிதான் சொன்னாள். கேட்டு எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது, பாதி வழியில் நின்றுவிட்டது.

மூன்றாவது வெள்ளி காலையில் பெட்டிகளுக்கு நடுவே சிவப்பு ஏப்ரன் தெரிந்தது. இன்னும் ஒரு கறை கிடையாது. டின்னைத் திறந்து ரப்பரை நீட்டினாள். "மேரி, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தேன். "அத விடுங்க. ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சிராதீங்க. எனக்கு வேற மூக்கு கெடைக்கல" என்றாள். வாங்கி மோந்தேன். ஒரு தரம், இன்னொரு தரம். வெறும் ரப்பர் வாசனை. "சுத்தமா இருக்கு" என்றேன். ரப்பரை வாங்கி டின்னில் வைத்து மூடினாள். அப்புறம் ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்து என் சட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே நீங்க சுத்தம்னு சொல்ற ஒவ்வொரு நாளும், மூடியத் தொறந்து மொதக் கரண்டி ஒங்க வாயிலதான். முன்னாடி வந்து, எல்லாரும் பாக்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

ஆகவே, இதுவா அதுவா என்று கேட்டு அலைகிறவர்களே, எலும்புச் சூப்பு வேண்டுமானால் நேரே பின்பக்கம் என்னிடம் வாருங்கள், கொண்டைக்கடலை வேண்டுமானால் முன்னால் மேரியிடம் வாங்கிக்கொள்ளுங்கள், அவள் பொங்கல் எப்படி இருக்கிறது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள், வெள்ளிக்கிழமைதோறும் முதல் கரண்டியைச் சாப்பிட்டுவிட்டு வயிறு எரிகிறவள் நான்தான்.